பழைய மடிக்கணினியிடம் ராஸ்பெர்ரி பை தோற்றது ஏன்?

பாளையங்கோட்டையில் என் அக்கா மகனிடம் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று, அவனுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. பத்து வயதைத் தாண்டிவிட்ட அதில் நான்தான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். மற்றொன்று, அவன் சேமித்து வாங்கிய ராஸ்பெர்ரி பை 5 என்ற கையளவுக் கணினி. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஒரு சின்ன கார்ப் பந்தய விளையாட்டு பழையதில் சீராக ஓடுகிறது, புதியதில் திணறுகிறது. "புதியது எப்படி மாமா பழையதிடம் தோற்கும்?" என்று கேட்டான். அருமையான கேள்வி. ஒரு விளையாட்டு வேறு கணினிக்குக் குடிபோகும்போது நடப்பது எல்லாமே அதற்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டிலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். இரண்டிலும் வைன் என்ற மென்பொருள்தான் விளையாட்டைத் தாங்குகிறது. 1993இல் தொடங்கிய திட்டம் அது. மடிக்கணினியில் இருப்பது எக்ஸ்86 வகைச் செயலி, அதாவது இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் கணினிச் செயலிகள் பின்பற்றும் வகை. விளையாட்டின் கட்டளைகளும் அதே மொழியில்தான் இருக்கின்றன. ஆகவே காரின் வேகம், திருப்பம், மோதல் போன்ற கணக்குகளை எல்லாம் செயலி நேரடியாகவே செய்துவிடுகிறது. கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, படத்தை வரை என்று விளையாட்டு இயங்குதளத்திடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே நின்று, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது.

படம் வரையும் கோரிக்கைகள்தான் இதில் அதிகம். விண்டோஸின் டைரக்ட்3டி என்ற வரையும் முறையில் வரும் அவற்றை, டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரையும் முறைக்கு மாற்றுகிறது. ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள், வைனையும் இதையும் சேர்த்துக் கட்டியதுதான். 2022இல் வந்த அதன் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் லினக்ஸில்தான் ஓடுகிறது. வரைவதற்கான உத்தரவை மாற்றிச் சொல்ல ஆகும் நேரம் கொஞ்சம். வரைவதற்கு ஆகும் நேரம் மிக அதிகம். அதனால்தான் பல விளையாட்டுகளில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் டிஎக்ஸ்விகேயின் புதிய பதிப்புகளுக்கு வல்கன் 1.3 வேண்டும். மருமகனின் மடிக்கணினிக்கு அது தெரியாது. எனவே வைனுக்குள்ளேயே இருக்கும் பழைய வழியில், ஓபன்ஜிஎல் என்ற இன்னொரு வரையும் முறை மூலம் வரைகிறோம். சின்ன விளையாட்டுக்கு அது போதும்.

இப்போது பைக்கு வருவோம். அதன் செயலி ஏஆர்எம் வகை, கைபேசிகளில் இருப்பது போன்றது. எக்ஸ்86 கட்டளை ஒன்றுகூட அதற்குப் புரியாது. வைன் செய்யும் வேலைக்கு மேல், ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க பாக்ஸ்64 போன்ற இன்னொரு மென்பொருள் தேவைப்படுகிறது.

பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்கள் நற்செய்திக் கூட்டங்களில் இதைப் பார்த்திருப்பார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார். அரை மணிப் பிரசங்கம் ஒரு மணி நேரம் ஆகும். பாக்ஸ்64 இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. ஒரு பகுதியை முதல்முறை மொழிபெயர்த்ததும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே ஓடவிடுகிறது. பந்தயத்தில் ஒரே கணக்கு நொடிக்குப் பல முறை திரும்ப வருவதால் இது பெரிய லாபம். ஆனால் புதிய தடம் வரும்போது புதிய பகுதிகளை மொழிபெயர்த்தாக வேண்டும். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். மொழிபெயர்ப்பு அதைத் தாண்டினால் படம் ஒரு கணம் உறைகிறது. சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் இந்தத் திக்கல் தெரியவே தெரியாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலைகளில் எல்லாம் பரிமாறி முடித்துவிட்டு, "பந்திக்கு வரலாம்" என்று குரல் கொடுக்கிறார். சொதி இலைக்கு வருமுன்னே அந்தக் குரல் வாசலை எட்டிவிட்டால் பந்தி குழம்பிவிடும். ஒரு செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்கள் இருக்கும். எக்ஸ்86 செயலியில் ஒரு கோர் நினைவகத்தில் எழுதியவை, எழுதிய அதே வரிசையில்தான் மற்ற கோர்களுக்குத் தெரியும். ஏஆர்எம்மில் அந்த உறுதி இல்லை. "தயார்" என்ற குறி முன்னதாகவும் காரின் புதிய இடம் பின்னதாகவும் தெரியலாம். இதைத் தடுக்க, பாக்ஸ்64 போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள், நினைவகத்தைத் தொடும் இடங்களில் வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளைகளைச் சேர்க்க வேண்டும். அவை வேகத்தைத் தின்கின்றன.

ஆப்பிள் 2020இல் எம்1 என்ற ஏஆர்எம் வகைச் செயலியைக் கொண்டுவந்தபோது, எக்ஸ்86 வரிசையைக் கடைப்பிடிக்கும் தனி நிலையைச் செயலிக்குள்ளேயே வைத்தது. எக்ஸ்86 மென்பொருளை மொழிபெயர்க்கும் ஆப்பிளின் ரோசெட்டா 2இன் வேகத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். பையில் அந்த வசதி இல்லை. ஏஆர்எம் என்றாலே மெதுவானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அந்த விளையாட்டை முதலிலேயே ஏஆர்எம் கட்டளைகளாகத் தொகுத்திருந்தால் பை இப்படித் திணறியிருக்காது.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். பையை அவன் மொட்டைமாடி அறையில் விசிறியில்லாமல் வைத்திருந்தான். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த அறைக் காற்றே கொதிக்கும். செயலியின் சூடு எங்கே போய் இறங்கும்? 80 டிகிரியைத் தாண்டும்போது பை தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. கீழே கூடத்துக்கு மாற்றி, சின்ன விசிறி ஒன்றைப் பொருத்தினோம். வரவரத் தேய்ந்துகொண்டே போன வேகம் நிலைத்தது. புதிய தடத்தில் முதல் சுற்றில் வரும் திக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் கார் அதே வளைவை வழுக்கிக்கொண்டு கடக்கிறது. இப்போது அவன் முதல் சுற்றை யாரோடும் போட்டி போடாமல் தனியாக ஓட்டிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடங்குகிறான்.