மழை நாளின் இரண்டு வாசனைகள்

"மழை நாளில் ஊர்ப்புறமாகப் போனால் மண்வாசனை ஆளைத் தூக்குகிறது. அதே மழை நகரத்துத் தெருவில் பெய்தால் அந்த அளவுக்கு மணப்பதில்லை, ஏன்? அப்புறம், வீட்டுக்குத் திரும்பி ரொட்டி சுடலாம் என்று மாவு பிசைந்தால் வழக்கத்தைவிடக் கையில் ஒட்டுகிறது. அதற்கும் மழைதான் காரணமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் பதில் தண்ணீரில்தான் இருக்கிறது. காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் நுழையும்போது ஒரு வாசனை கிளம்புகிறது. ஓவனில் சுடும் மாவின் மேற்பரப்பைவிட்டுத் தண்ணீர் வெளியேறியபின் இன்னொரு வாசனை கிளம்புகிறது.

மண்வாசனை எந்தப் பொருளால் வருகிறது என்பது ஓரளவு பழைய செய்திதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வெயிலில் காய்ந்த பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் மஞ்சள் நிற எண்ணெய் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். வறண்ட நாட்களில் மண்ணிலும் பாறையிலும் ஊறிச் சேர்ந்த எண்ணெய் அது. 1964இல் அதற்கு 'பெட்ரிக்கோர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே நான்சி கெர்பர், ஹூபர்ட் லெச்செவலியே இருவரும் 'ஜியோஸ்மின்' என்ற சேர்மத்தை அடையாளம் கண்டார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் இதைத் தயாரிக்கின்றன. நம் மூக்கு இதற்கு அநியாயத்துக்குக் கூர்மையானது. தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே கண்டுபிடித்துவிடும்.

சரி, வாசனைப் பொருள் மண்ணுக்குள் கிடக்கிறது. அது மூக்கு வரை எப்படி வருகிறது? மழை மேலிருந்து கீழே அல்லவா விழுகிறது! நியாயமாகப் பார்த்தால் அது வாசனையை மண்ணுக்குள் அமுக்கத்தான் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் யங்சூ ஜூங், கல்லன் பூயி என்ற இருவர், பல வகை மண்ணின் மேல் ஒவ்வொரு துளியாகத் தண்ணீரை விழவிட்டு, அதிவேகக் கேமராவால் படம் பிடித்தார்கள். துளி மண்ணில் பட்டதும் சப்பையாகப் பரவுகிறது. காய்ந்த மண் முழுக்க நுண்துளைகள், அவற்றுக்குள் காற்று. துளியின் அடிப்பகுதி அந்தத் துளைகளுக்குள் இறங்கும்போது, உள்ளே இருந்த காற்றுக்குப் போக இடமில்லை. அது துளிக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழியாக நுழைகிறது. நுழைந்தபின் மேலே ஏறுகிறது, துளியின் மேற்பரப்பில் வந்து வெடிக்கிறது. சோடாவைக் கோப்பையில் ஊற்றியதும் முகத்தில் சாரல் தெறிக்குமே, அதே வேலைதான். ஒவ்வொரு வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத திவலைகள் மேல்நோக்கிப் பீய்ச்சப்படுகின்றன. மண்ணில் இருந்த எண்ணெயும் ஜியோஸ்மினும் அந்தத் திவலைகளில் ஏறிக்கொள்கின்றன. மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகிறது. அதனால்தான் சாதாரணக் கேமராவில் இது சிக்கவே இல்லை.

இந்தப் படங்களைப் பார்த்தபின், நாம் எல்லோரும் அனுபவித்த பல விஷயங்களுக்குக் காரணம் புரிகிறது. மழை தொடங்கும்போதுதான் வாசனை, அரை மணி நேரம் பெய்தபின் இல்லை. ஏனென்றால் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது, குமிழியாக மாறக் காற்று மிச்சமில்லை. தூறலுக்கும் மிதமான மழைக்கும் வரும் மணம் கொட்டும் மழைக்கு வருவதில்லை. துளி வேகமாக மோதினால் குமிழிகள் உருவாக அவகாசம் கிடைப்பதில்லை. மணலைவிடக் களி கலந்த மண் அதிகம் மணக்கிறது. மணல் துளியைச் சட்டென்று குடித்துவிடுகிறது. களி கலந்த மண் நிதானமாக உறிஞ்சுவதால் குமிழிக்கு நேரம் கிடைக்கிறது. நகரத்துத் தெருவின் கதையும் இதுவே. தாருக்கும் வழவழப்பான கற்களுக்கும் அடியில் மண் மூடிக்கிடக்கிறது. வாசனையும் குறைவு, அதைத் தூக்கிவிடும் துளைகளும் குறைவு. ஆகவே ஊர்ப்புறம் கிளம்புகிறவர்கள் மழை விட்டதும் போகாதீர்கள். தூறல் விழத் தொடங்கும் நேரத்தில், சாலை போடாத பாதையில் இருங்கள். இடி கேட்டால் மட்டும் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

மழை ஓய்ந்தபின் செய்ய இன்னொரு வேலை இருக்கிறது. ஈரமான சருகுகளைப் புரட்டி, அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிறிய சிற்றுயிர் ஒன்று தெரியும். தொட்டால் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்திருக்கும் கவைபோன்ற உறுப்பைத் தரையில் உதைத்துத் துள்ளி மறையும். ஸ்பிரிங்டெயில் என்பார்கள். ஜியோஸ்மின் வாசனை இந்த உயிரை இழுக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்னும். தின்னும்போது பாக்டீரியாவின் வித்துகள் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், குடலிலும் பயணிக்கும். போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டுப் போகும். நாம் ரசிக்கும் மண்வாசனை பாக்டீரியா அனுப்பும் அழைப்பு, நமக்கல்ல, இந்தத் துள்ளும் உயிருக்கு.

ஒரு துளி தரையில் விழுவதைப் படமெடுக்கப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவைக்கிறது. துளியைப் படம் பிடித்த அதே எம்.ஐ.டி. குழு 2017இல் இன்னொன்றைக் காட்டியது. அந்தத் திவலைகளில் மண்ணின் பாக்டீரியாக்களும் உயிரோடு ஏறிப் பறக்கின்றன. பயிர் நோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று யோசிப்பவர்களுக்கு இது தேவையான தகவல். வேடிக்கையான கேள்வி எது, பயனுள்ள கேள்வி எது என்று முன்கூட்டியே பிரித்துவிட முடியாது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கத்தான் வேண்டும்.

இனி சமையலறை. மழை நாளில் கேக் பொங்காது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். காற்றழுத்தம் குறைவதுதான் காரணம் என்று விளக்கமும் தருவார்கள். மழை நாளில் அழுத்தம் குறைவது உண்மைதான், ஆனால் சாதாரண மழைக்கு அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தண்ணீரின் கொதிநிலைகூட அரை டிகிரி அளவுக்குத்தான் மாறும். கேக்குக்கு அது தெரியவே தெரியாது. மழைமீது பழி போடுமுன் பேக்கிங் பவுடர் பழையதா என்று பாருங்கள்.

மாவு ஒட்டுவது மட்டும் நிஜம். மாவு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டப்பாவைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் தண்ணீர் ஊற்றுமுன்பே மாவில் தண்ணீர் ஏறியிருக்கும். வழக்கமான அளவை ஒரேயடியாக ஊற்றாமல், இரண்டு மூன்று ஸ்பூன் நிறுத்திவைத்துப் பிசையுங்கள், தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். மழையில் வீடு குளிர்ந்திருந்தால் ஈஸ்ட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

ஓவனில் வைத்தபின் சிறிது நேரம் பெரிதாக மணக்காது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது, 100 டிகிரியைத் தாண்ட முடிவதில்லை. மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரி வாக்கில் வந்ததும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணங்களும் பிறக்கின்றன. இதை 1912இல் விவரித்தவர் லூயி கமீல் மெய்யார். வினைக்கும் அவர் பெயரே. ரொட்டி மேலோட்டின் மணத்தைத் தரும் முக்கியச் சேர்மம் ஒன்று வாசனை அரிசியிலும் இருக்கிறது.

சுட்டு எடுத்த ரொட்டியின் மேலோடு மழை நாளில் சீக்கிரம் நமத்துப்போகும். வெளிக்காற்றின் ஈரம் ஒருபக்கம், ரொட்டியின் உள்ளிருந்து வரும் ஈரம் மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்து அதை இளக்கிவிடும். மறுபடி ஐந்து நிமிடம் ஓவனில் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பிஸ்கட் என்றால் முழுக்க ஆறியபின் மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமக்கவைத்துவிடும்.