பிளேயரில் இடமில்லை என்று மூலப் பதிவில் கை வைக்காதீர்கள்

போன வியாழக்கிழமை கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன மியூசிக் பிளேயர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே 32 ஜிபி மெமரி கார்டு. "எங்க அண்ணன் வாசிச்ச நாயனம், தம்பி. சத்தம் மங்கிப் போச்சு. பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க" என்றார்.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஏதோ கோயில் உற்சவம். ஒரே மைக்கை வைத்து டேப்பில் பிடித்த பதிவு. நாயனம் ஓரளவு தேறுகிறது, ராகம் புரிகிறது. தவில்தான் போய்விட்டது. தொப்பிப் பக்கம் குச்சி விழுகிற அடி தெறித்து வரவேண்டாமா? அடிக்கு ஒரு நூல் முன்னாலேயே 'ஷ்' என்று ஒரு கசிவு கேட்கிறது, அதற்குள் அடி கரைந்துவிடுகிறது. தாளம் தண்ணீருக்குள் ஆட்டிய சலங்கை மாதிரி கொழகொழவென்று இருந்தது. ஃபைலின் விவரத்தைப் பார்த்தேன். எம்பி3, 48 கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடிச் சத்தத்துக்கு 48 கிலோபிட்தான்.

விசாரித்ததில் கதை இதுதான். அண்ணன் காலமானபின், 84 கேசட்டுகளை அவருடைய மகன் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சுருக்காத வேவ் ஃபைல், சிடி தரம், மொத்தம் சுமார் 53 ஜிபி. அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சித்தப்பா நடைப்பயிற்சியில் கேட்கட்டும் என்று பிளேயர் வாங்கினார்கள். 53 ஜிபி 32 ஜிபிக்குள் போகவில்லை. மாற்றும் சாஃப்ட்வேரில் இருப்பதிலேயே சின்ன அளவைத் தேர்ந்தெடுத்து மொத்தத்தையும் சுருக்கிவிட்டார் பையன். லேப்டாப்பிலும் இடம் முட்டிக்கொண்டிருந்ததால் வேவ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏன் அழித்தீர்கள் என்று போனில் கேட்டேன். "அதான் எல்லாம் பிளேயர்ல வந்துடுச்சே அண்ணே, எதுக்கு ரெண்டு எடத்துல?" என்றார்.

இந்த வாக்கியத்தை இந்த வருஷத்தில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். திருச்சியில் பதினெட்டு வருஷமாக மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் மீட்பு வேலை பார்க்கிறேன். உடைந்த கார்டு வந்தால் முயற்சி செய்யலாம். தண்ணீரில் விழுந்தது வந்தாலும் முயற்சி செய்யலாம். தானாகவே நசுக்கி, மூலத்தையும் அழித்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றுமே செய்ய முடிவதில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல், அந்தக் கார்டில் 27 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடந்தது. 84 மணி நேரமும் 48 கேபிபிஎஸ்-இல் 2 ஜிபிகூட வரவில்லை. அது ஒரே மைக்கில் பிடித்த மோனோ பதிவு. ஒரே சத்தத்தை இடது, வலது என்று இரண்டு முறை எழுதி வைத்திருந்தார்கள், அதனால்தான் 53 ஜிபி. ஒற்றைச் சேனலாக மாற்றியிருந்தால் வேவ் ஆகவே 27 ஜிபிக்குள் வந்திருக்கும். தவில் அடி ஒன்றுகூடக் கெடாமல் மொத்தமும் அதே கார்டில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "இதை 320-க்கு மாத்தினா தரம் வந்துடும்ல?" வராது. "வேவ் ஆக்கினா?" அதிலும் வராது. பெரியவரிடம் மூன்று முறை சொன்னேன். தலையாட்டிவிட்டு நான்காவது முறையும் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், படித்த பிள்ளைகளே இப்படித்தான் நினைக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் 'ஜிப்' ஃபைலிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஜிப் செய்தால் சுருங்கும், பிரித்தால் எழுத்து பிசகாமல் அப்படியே திரும்ப வரும். பாட்டுக்கு அந்த வேலையைச் செய்வது ஃபிளாக் என்கிற ஃபைல் வகை. சிடி தரத்தைப் பெரும்பாலும் பாதிக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் அடக்கும், திறந்தால் மூலம் அப்படியே இருக்கும். எம்பி3 அப்படியல்ல. காதுக்கு எளிதில் புலப்படாது என்று அது கணக்குப் போடுகிற சத்தங்களை விட்டுவிட்டுத்தான் எழுதும். சுருட்டி மடித்து எங்கேயும் வைத்திருக்காது, எழுதவே எழுதாது. எவ்வளவு குறைந்த கேபிபிஎஸ் கேட்கிறீர்களோ அவ்வளவு அதிகமாக விட்டுவிடும். அந்தப் பெரியவரின் ஃபைலை ஆடாசிட்டி என்கிற ஒலி சாஃப்ட்வேரில் திறந்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரியும் அலைவரிசைப் படத்தைக் காட்டினேன். எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே வெறும் கறுப்பு. தவிலின் தெறிப்பும் தாளத்தின் கணீரும் இருக்கவேண்டிய இடம் அது.

மங்கிப்போன பத்திரத்தை ஏ4-இலிருந்து ஏ3-க்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து பெரிதாகும். அழிந்துபோன சர்வே எண் திரும்பி வராது. 48-ஐ 320 ஆக்குவதும் அதுதான். ஃபைல் ஆறு மடங்குக்கு மேல் வீங்கும், உள்ளே இருப்பது அதே மங்கல். இன்னும் சொல்லப்போனால், எம்பி3-ஐ மறுபடி எம்பி3 ஆக்கும்போது இன்னொரு சுற்று விட்டுப்போகிறது. முன்பைவிடச் சற்று மோசம்தான் ஆகும்.

பிளேயரில் இடம் போதவில்லை என்று வருகிறவர்களின் கார்டைப் பார்த்தால், பாதிப் பேரிடம் இப்படி ஊதிப் பெருக்கிய '320' பாட்டுகள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய 128 பாட்டு, யாரோ 320 ஆக்கி வைத்தது. ஐந்து நிமிடப் பாட்டு 128-இல் 5 எம்பிக்குள் முடியும், 320-இல் 12 எம்பி. ஃபைல் பெயரில் 320 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அலைவரிசைப் படத்தில் பதினாறாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி நேர்கோடாக வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஊதியதுதான். அதை மறுபடி 128-க்கு இறக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். நல்ல மூலம் கிடைத்தால் அதிலிருந்து புதிதாக எடுங்கள், கிடைக்காவிட்டால் இருப்பதை விட்டுவிடுங்கள்.

சரி, 200 ஜிபி பாட்டு வைத்திருக்கிறவர் 32 ஜிபி பிளேயரில் எப்படிக் கேட்பது? இது இன்றைய சிக்கலே இல்லை. 2001-இல் முதல் ஐபாட் வந்தபோது அதில் இருந்தது 5 ஜிபி. ஆயிரம் பாட்டு என்று சொல்லி விற்றார்கள், அது 160 கேபிபிஎஸ் கணக்கு. அப்போதே முறை தெளிவாக இருந்தது. பாட்டு நூலகம் கம்ப்யூட்டரில் இருக்கும், பிளேயரில் இருப்பது நகல். பிளேயர் தொலைந்தால் பிளேயர் மட்டும்தான் தொலையும்.

அதையே செய்யுங்கள். மூலம் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், இன்னொரு டிஸ்கில் அதன் படி ஒன்று இருக்கட்டும். முடிந்தால் அந்த இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். மூலத்தை எப்போதும் மாற்றாதீர்கள், சுருக்காதீர்கள். பிளேயருக்கென்று தனி ஃபோல்டர் போட்டு, சுருக்குவதெல்லாம் அதில் மட்டும். ஐடியூன்ஸ், மியூசிக்பீ, ஃபூபார் போன்ற சாஃப்ட்வேர்கள் பிளேயருக்கு ஏற்றும்போதே சின்னதாக்கி ஏற்றும், மூலத்தைத் தொடாது. இவ்வளவு வசதி இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு மூலத்தில் கத்தரி வைக்கிறீர்கள்?

எவ்வளவு சுருக்கலாம்? பஸ்ஸிலும் நடையிலும் கேட்பதற்கு, எம்பி3 போலவே சுருக்குகிற ஏஏசி வகையில் 128 தாராளம். உங்கள் பிளேயர் ஓபஸ் என்கிற இன்னொரு வகையை வாசிக்குமானால் 96 போதும், ஆனால் விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றில் ஓபஸ் ஓடாது, ஒரு பாட்டை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம்பி3 தான் ஓடும் என்றால் 160-க்குக் கீழே இறங்காமலிருப்பது நல்லது. உபந்நியாசம், பட்டிமன்றம் போன்ற பேச்சுக்கு மோனோவில் 48, 64 போதும். ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ ஒலிப்பதிவுதான், அவற்றை மோனோவாகவே, பாதி கேபிபிஎஸ்-இல் ஏற்றினால் பாதி இடம் மிச்சம். 32 ஜிபியில் 128-இல் ஆறாயிரம் பாட்டுக்கு மேல் பிடிக்கும். ஆறாயிரம் பாட்டையும் ஒரு சுற்று கேட்டு முடிக்க, நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் ஒருமுறை மாற்றி ஏற்றிக்கொண்டால் யாருக்கும் எதுவும் குறையாது.

நம் ஊர்ப் பாட்டுச் சேமிப்புக்கே உரிய ஒரு வியாதி இருக்கிறது. ஒரே பாட்டு படத்தின் பெயரில் ஒரு ஃபோல்டரில், இசையமைப்பாளர் பெயரில் ஒன்றில், பாடகர் பெயரில் ஒன்றில், 'மெலடி', 'நைட் டிராவல்', 'அம்மாவுக்கு' என்று இன்னும் மூன்றில். போன மாதம் ஒருவர் கார்டில் ஒரே பாட்டை ஏழு இடத்தில் பார்த்தேன். இதற்குத்தான் பிளேலிஸ்ட். எம்3யு ஃபைல் என்பது பாட்டு எங்கே இருக்கிறது என்கிற முகவரிப் பட்டியல் மட்டும். ஆயிரம் பாட்டுக்குப் பட்டியல் போட்டாலும் நூறு கேபி அளவில்தான் வரும். பாட்டை ஒரே இடத்தில் வைத்து எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அட்டைப்படத்தையும் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் ஒரு எம்பி படம் ஒட்டியிருந்தால் ஐயாயிரம் பாட்டில் 5 ஜிபி படத்துக்கே போய்விடும். பாட்டின் பெயர், படம் போன்ற விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் சாஃப்ட்வேரில் ஐந்நூறு பிக்ஸலுக்குக் குறைத்தால் போதும். பாட்டுப் பெயர் கிறுக்கலாகத் தெரிகிறதென்றால் அது பழைய தமிழ் எழுத்துரு முறையில் அடித்தது, யுனிகோடில் மாற்றி எழுதுங்கள். அதற்காகப் பாட்டை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது பெரிய கார்டு. இடம் போதவில்லை என்றதும் ப்ளாட்ஃபாரத்தில் '1 டிபி' கார்டை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வருகிறார்கள். அதற்குள் இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான். கார்டை நடத்தும் கண்ட்ரோலர் சிப்பில் பொய்யான அளவை எழுதி விற்கிறார்கள். நீங்கள் ஏற்ற ஏற்ற எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரியும். உண்மையான அளவைத் தாண்டியதும் புதிய பாட்டு பழைய பாட்டின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. இதில் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்தவர்கள் கதி என்ன? கம்ப்யூட்டரிலும் இல்லை, கார்டிலும் இல்லை. எந்தக் கார்டாக இருந்தாலும் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டு ஏற்றவேண்டும். கார்டுக்கு எப்போதும் 'காப்பி', ஒருபோதும் 'கட்' வேண்டாம். பழைய பிளேயர்கள் பல 32 ஜிபிக்கு மேலுள்ள கார்டை ஏற்காது, வாங்குமுன் கேளுங்கள். பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்காதீர்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டையே பெட்டகமாக நினைக்கிறவர்களுக்குத் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். அதில் நினைவகமும் கண்ட்ரோலரும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். செத்துப்போனால் மேல்பூச்சைச் சுரண்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பற்றவைத்து எடுக்கவேண்டும். ஒரு கார்டுக்கு இரண்டு நாள்கூட ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அந்தக் கார்டில் எதையும் ஏற்றாதீர்கள், ஒரு பாட்டுகூட. வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மேலே எதுவும் எழுதப்படாதவரை பெரும்பாலும் எடுத்துவிடலாம். மீட்டெடுத்ததை அதே கார்டில் சேமிக்காதீர்கள், தயவுசெய்து. ஹார்ட் டிஸ்கில் அழித்தாலும் இதே நம்பிக்கை உண்டு. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதுகிற எஸ்எஸ்டி-யில் கிடையாது. 'டிரிம்' என்கிற வேலை அழித்த இடத்தைச் சீக்கிரமே உண்மையாகவே துடைத்துவிடும்.

பெரியவருடைய அண்ணன் மகனின் லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி. சனிக்கிழமை கொண்டுவந்தார்கள். ஐந்து மணி நேரம் தேடினேன், வேவ் ஃபைல் ஒன்றுகூட இல்லை. கேசட்டுகள் எங்கே என்று கேட்டேன். பாதி பழைய சாமான்காரருக்குப் போய்விட்டதாம். மீதி பூஞ்சை பிடித்துப் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, "அது ஆகாது தம்பி" என்றார் பெரியவர். ஆகும். பூஞ்சை பிடித்த கேசட்டைச் சுத்தம் செய்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்டமுடியும். உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நனைக்காமல், வெயிலில் காயவைக்காமல், டெக்கில் போட்டுச் சோதித்துப் பார்க்காமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

எண்ணிப் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்தார். முப்பத்தொரு கேசட் இருக்கிறதாம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எடுத்துவருகிறார். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். மேசைமேல் இரண்டு காலி ஹார்ட் டிஸ்குகளும் தயாராக இருக்கின்றன.