ப்ரீஎம்ப்ஷன்: தமிழில் முன்கொள்வு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள பூங்காக்கள் நகராட்சிக்குச் சொந்தம். புல் வெட்டுவதும் விளக்குக்குப் பணம் கட்டுவதும் நகராட்சிதான். ஆனால் 2020 வரை, 'துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது' என்று வாசலில் பலகை வைக்க அந்த நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் தன் கையில் வைத்திருந்தது. இதற்கு அங்கே வழங்கும் பெயர் ப்ரீஎம்ப்ஷன்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரே' என்றால் முன். 'எம்ப்டியோ' என்றால் வாங்குதல். அதன் வேர்வினையான 'எமெரே' முதலில் 'எடுத்தல்' என்ற பொருளில் இருந்து, பிறகு 'விலைக்கு வாங்குதல்' என்று ஆனது. நம் 'கொள்' என்ற வினையும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. கையில் எடுத்துக்கொள்வதும் 'கொள்'. நெல் கொள்முதல் நிலையத்தில் விலை கொடுத்து வாங்குவதும் 'கொள்'. இலங்கைத் தமிழில் இன்றும் வாங்குவதற்குக் 'கொள்வனவு' என்றே எழுதுகிறார்கள்.

ஆக, இது முதலில் மற்றவருக்கு முன்பே வாங்கிக்கொள்ளும் உரிமைக்கான சொல். நிலத்தில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1841ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அரசு நிலத்தில் ஏற்கெனவே குடியேறியிருந்தவர் 160 ஏக்கர் வரை, ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்ற குறைந்தபட்ச விலையில், பொது ஏலத்துக்கு முன்பே வாங்கிக்கொள்ள வழி செய்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும் இந்த உரிமை உண்டு. காணியை வெளியாருக்கு விற்கும் முன் உடன்பங்காளருக்கும் வாரிசாகக் கூடியவருக்கும் அறிவிக்க வேண்டும்.

நிலத்திலிருந்து சொல் அதிகாரத்துக்குத் தாவியது. மேலுள்ள அரசு ஒரு துறையை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டால், கீழுள்ள அரசு அதில் கால் வைக்க முடியாது. நகராட்சிகள் மாநிலத்தின் படைப்புகளே என்று அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் எழுதிய தீர்ப்பு இந்தக் கருத்துக்கு வலுவான ஊன்றுகோல்.

துப்பாக்கி விஷயத்தில் இந்தச் சொல் பரவக் காரணம் ஒரு சிற்றூர். இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் குரோவ், 1981இல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்தது; மறு ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றது. துப்பாக்கி உரிமை அமைப்புகள் அதன்பின் மாநிலச் சட்டமன்றங்களை நாடின. ஊர்கள் தாமாகத் துப்பாக்கி விதிகளை வகுப்பதைத் தடுக்கும் சட்டம் இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஃபுளோரிடா இன்னும் கடுமை. 2011 திருத்தத்தின்படி, தெரிந்தே மீறும் நகர மன்ற உறுப்பினருக்குத் தனிப்பட்ட முறையில் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. அவரது பதவியையும் ஆளுநர் பறிக்கலாம். தன் ஊருக்காக வாக்களித்த ஓர் உறுப்பினரைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டவைப்பது எனக்கு ஏற்கவே முடியாத அநீதி.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் காரில் பத்து ஊர்களைக் கடந்தால் பத்துச் சட்டங்களா என்று கேட்கிறார்கள். சாலையைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. நகராட்சிக் கட்டடத்தின் வாசலுக்கு அது பொருந்தாது. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஊழியர் ஒருவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். ஊழியர்களுக்குப் பணி விதிப்படி தடை ஏற்கெனவே இருந்தது. வந்துபோகும் பொதுமக்களுக்குத் தடை விதிக்கத்தான் நகராட்சியால் முடியாமலிருந்தது. 2020 ஜூலை 1 முதல் வர்ஜீனியா வழிவிட்டது. உள்ளாட்சிக் கட்டடங்கள், பூங்காக்கள், சமூகக் கூடங்கள், அனுமதி பெற்ற நிகழ்ச்சி நடக்கும் தெருக்கள் ஆகியவற்றில் உள்ளாட்சிகள் தடை விதிக்கலாம். நுழைவாயில்களில் அறிவிப்பு வைத்தாக வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? 'முன்னுரிமை' என்று எழுதத் தோன்றும்; அது பிழை. பஸ்ஸில் முதியவருக்கு முன்னுரிமை என்றால், அவர் அமர்ந்த பிறகு மீதி இருக்கை மற்றவருக்கு உண்டு. இங்கே மற்றவருக்கு இருக்கையே இல்லை. 'துப்பாக்கித் தடைச் சட்டம்' என்றால் பொருள் தலைகீழாகிவிடும். மாநிலம் தடுப்பது துப்பாக்கியை அல்ல, நகராட்சி விதிக்கும் தடையை. போர்ச் செய்திகளில் வரும் 'முன்தாக்குதல்' இதே வேரின் வேறு கிளை.

நான் பரிந்துரைப்பது முன்கொள்வு. முற்கொள்வு என்று புணர்த்தி எழுதினாலும் சரியே. வினையாகவும் நன்றாக நிற்கிறது: 'துப்பாக்கி தொடர்பான அதிகாரத்தை மாநிலம் முன்கொண்டுவிட்டது.' சட்டத்தில் எழுதியே இருந்தால் வெளிப்படை முன்கொள்வு. நீதிமன்றம் சட்டத்தின் போக்கிலிருந்து உணர்ந்து சொன்னால் உள்ளுறை முன்கொள்வு. கொலராடோ 2021இல் செய்ததை, 'மாநிலம் தன் முன்கொள்வைக் கைவிட்டு, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை வகுக்க ஊர்களுக்கு இடம் கொடுத்தது' என்று எழுதலாம்.