ஒன்பது வயதுப் பையனுக்கு எதற்குக் கிலுகிலுப்பை?

மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்யும் நான் இப்படி ஒன்றைப் பார்ப்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பெருமூளை வாதம் (உடல் அசைவுகளை மூளையால் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள ஒன்பது வயதுப் பையன் சக்கர நாற்காலியில் வந்தான். அவனுடைய அம்மா ஒரு பை நிறைய பொம்மைகள் கொண்டுவந்திருந்தார். "எதைக் கொடுத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான். இவனுக்கு விளையாட்டிலேயே ஆர்வம் இல்லை" என்றார். பையைக் கவிழ்த்தேன். கிலுகிலுப்பை, கீச்சிடும் ரப்பர் வாத்து, அடுக்கும் வளையங்கள். யாரோ இவனுக்கு "மன வயது ஒன்றரை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அந்த வயதுக்கான பொம்மைகளையே தேடித்தேடி வாங்கியிருக்கிறார்.

கூட வந்திருந்த அக்காவிடம் ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்து, தம்பியோடு விளையாடு என்றேன். பகடையில் ஐந்து விழுந்தது. அவள் காயை ஆறு கட்டம் நகர்த்தினாள். தம்பி கத்தினான். சிரமப்பட்டுத் தலையைத் திருப்பி அவள் காயைப் பார்த்தான், பகடையைப் பார்த்தான், மறுபடியும் காயைப் பார்த்தான். அவள் சிரித்தபடி ஒரு கட்டம் பின்னால் வைத்தாள். "எப்பவும் கண்டுபிடிச்சிடுவான் மிஸ்" என்றாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரிந்து, அக்காவின் திருட்டாட்டத்தைப் பிடிக்கிறவனுக்கு நாம் கிலுகிலுப்பை கொடுத்துவிட்டு, அவனுக்கு ஆர்வம் இல்லை என்கிறோம்!

இந்த "மன வயது" விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டைகளை அடுக்கு, படத்தைத் தொட்டுக் காட்டு, பெயரைச் சொல் என்றுதான் அதைக் கணக்கிடும் பெரும்பாலான பரிசோதனைகள் கேட்கின்றன. கையும் நாக்கும் சொன்னபடி கேட்காத குழந்தை இதில் தோற்கத்தான் செய்யும். அந்த மதிப்பெண் அளந்தது பெரும்பாலும் கையை. சரி, அறிவு வளர்ச்சியில் உண்மையாகவே பின்தங்கிய குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவன் இந்த உலகத்தில் ஒன்பது வருடம் வாழ்ந்தவன். ஒன்பது வருடம் கேட்டிருக்கிறான், பார்த்திருக்கிறான். தன் வயதுப் பிள்ளைகள் எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். கிலுகிலுப்பை வைத்திருப்பவனோடு விளையாட அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். விளையாட்டை எளிதாக்குங்கள். பிடிமானத்தைப் பெரிதாக்குங்கள், விதிகளைக் குறையுங்கள், காய்களைக் குறையுங்கள். வயதைக் குறைக்காதீர்கள்.

பொம்மை வடிவமைப்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பேசும் பொம்மை ஒன்று, "சிவப்புப் பொத்தானை அழுத்து" என்றது. ஒரு சிறுமி கேட்டாள், புரிந்துகொண்டாள், கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் இருக்கும்போதே பொம்மை "மறுபடியும் முயற்சி செய்" என்றது. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். மூன்று முறை இப்படி நடந்தது, நான்காவது முறை கையைத் தூக்கவே இல்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருந்தால் போதும், அவள் ஜெயித்திருப்பாள்.

நிறத்தை மட்டும் நம்பி விளையாட்டு அமைப்பதும் அப்படித்தான். சில மக்களிடையே சுமார் 12 ஆண்களில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. நிறத்தையோ எண்ணையோ பொருத்தி ஆடும் யூனோ சீட்டுகளில் 2017-இல் நிறத்துக்கு ஒரு குறியீடு சேர்த்து ஒரு பதிப்பு வந்தது. அதனால் யாருக்கும் ஆட்டம் கெட்டுவிடவில்லை. லெகோவின் பிரெய்ல் கட்டைகளில் மேலிருக்கும் குமிழ்களே, பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துகள், கூடவே அச்செழுத்தும் உண்டு. சாதாரண லெகோ கட்டைகளோடு அவை பொருந்தும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்வையுள்ள தம்பியும் பார்வையற்ற அக்காவும் ஒரே வீட்டைக் கட்டலாம். "சிறப்புக் குழந்தைகளுக்கு" என்று தனி அலமாரியில் வைக்கும் பொம்மைகள் பெரும்பாலும் தனியாகவே விளையாட வைக்கின்றன. வடிவமைப்பவர்களே, பொம்மை முழுவதும் முடிந்த பிறகு எங்களிடம் கருத்துக் கேட்க வராதீர்கள். அட்டையிலும் களிமண்ணிலும் மாதிரி செய்யும்போதே இந்தக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது பாதுகாப்பு. பெட்டியில் "3 வயதுக்கு மேல்" என்று இருந்தால், மூன்று வயதுக்கு மேல் குழந்தை எதையும் வாயில் போடாது என்ற கணக்கில் எழுதியது அது. ஏழு வயதிலும் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகங்களைச் சோதிக்கும், குழாய் போன்ற உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எதுவும் அந்தக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. காசு போலச் சின்னதாக, வட்டமாக இருக்கும் பட்டன் பேட்டரியின் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தானாக வெளியே வரும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு வேகமாக மின்னும் விளக்குப் பொம்மையை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். பகடைக்குப் பதிலாக, 1 முதல் 6 வரை எண் எழுதிய, பேட்டரியில் சுழலும் தட்டு ஒன்றை எடுத்தோம். பேட்டரிக்கும் அதன் முனைக்கும் நடுவே இரு பக்கமும் செம்பும் இடையில் மின்சாரம் கடத்தாத அடுக்கும் உள்ள ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, இரு பக்கத்திலிருந்தும் வரும் வயர்களில் ஒரு பெரிய ஸ்விட்சை மாட்டினோம். போட்டவுடனே ஓடும் பொம்மைகளுக்குத்தான் இது ஒத்துவரும். போட்ட பிறகு இன்னொரு பொத்தானையும் அழுத்த வேண்டியவற்றுக்கு ஒத்துவராது. அவன் உடம்பில் சொன்னபடி கேட்பது தலைதான். அதனால் ஸ்விட்சை நாற்காலியில் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் பொருத்தினோம். தலையைச் சாய்த்தால் தட்டு சுழலும், எடுத்தால் நின்றுவிடும்.

அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். அவன் முறை வரும்போது மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள் அம்மா. பாவமாக இருக்கிறதே என்று அவனுக்காக நீங்கள் அழுத்திவிடாதீர்கள்.