ஆஸ்டெரிட்டி: சிக்கனமா, வெட்டா?

பழுக்காத பழத்தைக் கடிச்சா நாக்கு வறண்டு உள்ளுக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்புலதான் ஆஸ்டெரிட்டிங்கற சொல்லே பிறந்துச்சு. பழைய கிரேக்கத்துல 'ஆஸ்டெரோஸ்'னா நாக்கை வறள வைக்கறது, துவர்ப்பான ஒயினுக்கும் அந்தச் சொல்தான், அது லத்தீன், பிரெஞ்சுன்னு சுத்தி இங்கிலீஷுக்கு வர்றதுக்குள்ள ருசி போயி குணமாயிடுச்சு, கறாரான ஆளு, ஆடம்பரம் இல்லாத துறவி வாழ்க்கை, இப்படி. அரசாங்கம் செலவைக் குறைக்கறதுங்கற அர்த்தம் ரொம்ப பின்னாடி ஒட்டுனது. 2010-ல மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரங்க இதையே வருஷத்தோட சொல்லா அறிவிச்சாங்க.

நம்ம பேப்பர்கள்ல இதுக்கு 'சிக்கன நடவடிக்கை'ன்னு போடுவாங்க. எனக்கு அது ஒப்பல. சிக்கனம், 'சிக்கென' எல்லாம் ஒரே குடும்பம், இறுக்கிப் பிடிக்கறது. ஆனா சிக்கனமா இருக்கறவன் தன் செலவைத்தான் இறுக்குவான், அடுத்தவன் மருந்துச் செலவை இல்ல. கிரேக்கர்களுக்கும் இதே கதிதான்! அவங்க இதை 'லிதோதிதா'ன்னு சொல்றாங்க, எளிமைன்னு அர்த்தம், அந்த எளிமையிலதான் 2011-ல அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி கட்டணம் 3 யூரோவுல இருந்து 5 யூரோ ஆச்சு.

பிரிட்டனைப் பாத்தா இன்னும் நல்லா புரியும். 2009-ல எதிர்க்கட்சித் தலைவரா இருந்த டேவிட் கேமரன் 'ஆஸ்டெரிட்டி காலம்'னு பேசினாரு, 2010-ல பிரதமர். 1948-ல ஆரம்பிச்ச என்ஹெச்எஸ்ல, அதாவது அவங்க தேசிய சுகாதார சேவையில, கை வைக்க மாட்டோம்னுதான் சொன்னாங்க, தொகையும் குறையல, சூட்சுமம் அங்கதான் இருக்கு. அதுக்கு முன்னாடி விலைவாசி போக வருஷத்துக்கு சராசரியா மூணரை சதவீதத்துக்கு மேல ஏறிட்டு இருந்த நிதி அப்புறம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஏறுச்சு, வயசானவங்க கூடறாங்க, வைத்தியச் செலவு கூடுது, ஆக காகிதத்துல ஏத்தம், வார்டுல வெட்டு. கட்டடத்துக்குன்னு வச்ச பணத்தைக்கூட எடுத்து தினசரி செலவுக்குப் போட்டாங்க. இங்கிலாந்துல 18 வாரத்துக்குள்ள சிகிச்சை தொடங்கணும்ங்கற இலக்கை கடைசியா எட்டினது 2016 பிப்ரவரியில. வெயிட்டிங் லிஸ்ட் 2010-ல சுமார் 25 லட்சம், 2023-ல 77 லட்சத்தையும் தாண்டுச்சு. கோவிட்டுக்கும் இதுல பங்கு உண்டு, ஆனா கோவிட் வர்றதுக்கு முன்னாடியே 40 லட்சம் தாண்டியாச்சே.

கூடவே வர்ற இன்னொரு சொல் ரிஃபார்ம், அதாவது சீர்திருத்தம். மேலிருந்து திணிக்கற மாற்றம் இனி இல்லன்னு சொல்லிட்டு வந்தவங்களே 2012-ல சட்டம் போட்டு நிர்வாகத்தை மொத்தமா கலைச்சு அடுக்கினாங்க. அதுக்கு மறுசீரமைப்புன்னு பேர் வைக்கலாம், சீர் வந்தாத்தானே சீர்திருத்தம்?

அப்புறம் 'புது ஆஸ்பத்திரி'. 2019-ல பிரதமர் போரிஸ் ஜான்சன் 40 புது ஆஸ்பத்திரி கட்டுவோம்னாரு, அப்புறம் பாத்தா இருக்கற ஆஸ்பத்திரியில புதுசா ஒரு பிளாக் கட்டினாலும், பெரிய அளவுல பழுது பாத்தாலும் கணக்குல சேரும்னு விளக்கம் வந்துச்சு. 2025 ஜனவரியில வந்த புது அட்டவணைப்படி சிலதுக்கு கட்டுமானமே 2030-க்கு அப்புறம்தான் ஆரம்பம். இங்கிலாந்துல கிங்ஸ் லின்ங்கற ஊர் ஆஸ்பத்திரியில கூரை காத்தடைச்ச லேசு கான்கிரீட், ஆயுசு முடிஞ்சு போச்சு, இரும்பு, மரம்னு ஆயிரக்கணக்குல முட்டுக் கொடுத்து நிறுத்தி வச்சிருக்காங்க, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுலயே தூண் நிக்குது.

அதனால என் கணக்குல கொள்கைக்கு 'கட்டாயச் சிக்கனம்', செயலுக்கு 'நிதி வெட்டு'. நேரடியா தொகை குறையாம தேவை மட்டும் ஏறுற இடத்துல 'நிதி நெருக்கல்'னு சொல்லலாம், அதுதான் துவர்ப்புக்கும் கிட்ட வருது. 'அரசு சிக்கன நடவடிக்கை மேற்கொண்டது'ன்னு எழுதாம 'ஆஸ்பத்திரிப் பணத்தை அரசு நெருக்கியது'ன்னு எழுதிப் பாருங்க, யாரு யாரோடதுல கை வச்சாங்கன்னு வாக்கியமே சொல்லிடும்.