படலையடியில் தொடங்கிய சீனி வருத்தம்

கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் வீட்டில் ஏழு வயதுப் பெட்டை நாய். போன மாதம் ஊர் நாய்களெல்லாம் படலையடியில் தவம் கிடந்தன. அவர் ஒன்றையும் உள்ளே விடவில்லை. சில வாரங்களில் நாய் வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கத் தொடங்கியது. நன்றாகத் தின்றும் மெலிந்தது. மூத்திரம் பெய்த மணலில் எறும்பு மொய்த்தது. மிருக வைத்தியர் இரத்தம் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்றாராம். "இனிப்பே குடுக்கிறதில்லை. கண்ணூறோ எண்டு அம்மா கேக்கிறா."

கண்ணூறு இல்லை. எறும்புக் கதை பள்ளியில் படித்ததுதான். இன்சுலின் வேலை செய்யாவிட்டால் குளுக்கோசு இரத்தத்தில் தேங்கும். டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமைத் தாண்டினால் நாயின் சிறுநீரகத்தால் அதை மறிக்க முடியாது. வெளியேறும் சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் தாகம்.

சரி, இப்போது படலையடிக்கு வருவோம். கரு தங்காவிட்டால் பெண்களுக்குப் புரோஜெஸ்தரோன் ஓமோன் இரண்டு வாரமளவில் இறங்கிவிடும். பெட்டை நாய்க்கு அப்படியில்லை. கடுவன் சேர்ந்ததோ இல்லையோ, சூலகம் இரண்டு மாதமளவுக்கு அதைச் சுரந்துகொண்டே இருக்கும். வயிற்றில் குட்டி உண்டென்றே உடம்பு நம்பி, பால் கொடுக்க ஆயத்தமாகிறது. வளர்ச்சி ஓமோன் வழக்கமாக மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியில் வருவது. நாயிலோ புரோஜெஸ்தரோனின் தூண்டுதலில் பாற்சுரப்பியே அதைத் தயாரிக்கிறது! முலை வளரத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அது இரத்தத்தில் கசிந்து உடம்பெங்கும் போகிறது. போன இடத்தில் தசையும் கொழுப்பும் இன்சுலினின் சொல்லைக் கேட்காதபடி ஆக்கிவிடுகிறது. இன்சுலினைச் சுரக்கும் சதையி (கணையம்) இன்னும் இன்னும் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். குமரி நாயென்றால் சமாளித்துவிடும், இரண்டு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவராது. வயது போன நாயின் சதையி தோற்றுப்போகிறது. ஏறிய சீனியே இன்சுலின் சுரக்கும் கலங்களுக்கு நஞ்சாகி, மிச்சமிருப்பதையும் அழிக்கிறது. வராத குட்டிக்காக எடுத்த பாடு!

கருத்தடை ஊசிகளில் இருப்பதும் புரோஜெஸ்தரோன் வகை மருந்துதான், அதுவும் இதே வேலையைச் செய்யக்கூடும். "ஒருக்காலாவது குட்டி போடவேணும், இல்லாட்டிப் பாவம்" என்று, சூலகத்தை அகற்றும் கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவோரிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இந்த நாய்க்கு இனி என்ன? சீனி வருத்தத்துக்கு மனிதருக்குக் கொடுக்கும் குளிசைகளை நம்ப வேண்டாம்; பாகற்காய்ச் சாறும் வேண்டாம். பன்னிரண்டு மணிக்கொரு தரம் சாப்பாடு, கூடவே இன்சுலின் ஊசி. பன்றி இன்சுலினும் நாய் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் ஒன்றேதான், அதனால் அது நாய்க்குப் பொருந்தும். இன்சுலின் மருந்தாக வந்ததற்கே நாய்களிடம் நாம் கடன்பட்டவர்கள். 1921இல் ரொறன்ரோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் அதைச் சோதித்தது சதையி நீக்கிய நாய்களில்தான்.

ஊசிக் குழாயில் கவனம் வேண்டும். மில்லிலீற்றருக்கு 40 அலகுள்ள இன்சுலினும் உண்டு, 100 அலகுள்ளதும் உண்டு. ஒன்றின் குழாயில் மற்றதை ஏற்றினால் அளவு பிழைத்துவிடும். குப்பியைப் பிரிட்ஜில் வையுங்கள், உறையவிடாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கறண்ட் போனால், ஈர மணலில் இறக்கிய மண்முட்டி கொஞ்ச நேரத்துக்குக் கைகொடுக்கும். காய்ந்த காற்றில் நீர் விரைவாக ஆவியாகி முட்டி குளிரும்.

அம்மாவிடம் ஒரு நல்ல சேதியும் சொல்லுங்கள். சீனி ஓரளவு கட்டுப்பட்டதும் தாமதிக்காமல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால், முலையில் ஊறிய ஓமோன் சில நாட்களில் இறங்கிவிடும். சதையியில் உயிர் மிச்சமிருந்தால் சில நாய்களுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. ஆனால் அந்த நாட்களில் பழைய அளவையே ஏற்றினால் சீனி கீழே விழுந்துவிடும். நாய் தள்ளாடினால், நடுங்கினால், பல்முரசில் தேன் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.