அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் பள்ளி மாணவர் சேர்வது எப்படி: இன்றைய விதிகள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் கூடைப்பந்து ஆடும் மாணவர்களின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் அதிகம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-இல் இடம் கிடைப்பது அவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். அந்த இடத்துக்கான விதிகள் 2018-க்குப் பிறகு அடுத்தடுத்து மாறிவிட்டதால், பத்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக்குச் சென்ற ஒரு வீரர் தன் தம்பிக்குச் சொல்லும் வழிகளில் பல இன்று பொருந்துவதில்லை. மாணவர்களுக்கான கூடைப்பந்தில் 2025-26 கல்வியாண்டின் நிலவரத்தை இந்தக் கட்டுரை விளக்குகிறது. மாணவியருக்கும் பெரும்பாலான விதிகள் இவையே என்றாலும், பயிற்சியாளர் தொடர்புகொள்ளும் தேதிகள் அவர்களுக்குத் தனி.

முதலில் எந்தப் பிரிவில் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டிவிஷன் 1-இல் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றிலும் டிவிஷன் 2 கல்லூரிகளிலும் விளையாட்டுக்காக உதவித்தொகை வழங்கலாம். டிவிஷன் 3-இல் விளையாட்டு உதவித்தொகை அறவே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டுமே உண்டு. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் இருந்தும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. என்.சி.ஏ.ஏ.-விலிருந்து தனித்த விளையாட்டு அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.-வின் கல்லூரிகளும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் தத்தம் விதிகளின்படி இயங்குகின்றன.

ஒரு மாணவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும், என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் சான்று இல்லாமல் டிவிஷன் 1 ஆட்டத்தில் இறங்க முடியாது. இதற்கு 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 4 ஆண்டுகள், அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேற்பட்ட கணிதத்தில் 3, அறிவியலில் 2, சமூக அறிவியலில் 2 என்பன இவற்றில் கட்டாயம்; மீதியை ஒப்புதல் பெற்ற பிற பாடங்களால் நிரப்பலாம், அவற்றில் ஒன்று மட்டும் மேலும் ஓர் ஆண்டு ஆங்கிலமோ கணிதமோ அறிவியலோ ஆக இருக்க வேண்டும். இந்தப் பாடங்களில் மட்டும் கணக்கிடப்படும் ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், குறைந்தது 2.3 இருக்க வேண்டும். டிவிஷன் 2-க்கு 2.2 போதும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் தகுதிச் சான்றுக்குத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் நிரந்தரமாக முடிவாயிற்று. ஆனால் ஒரு கல்லூரி தன் சேர்க்கைக்காக அவற்றைக் கேட்கலாம்.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று இங்கே உள்ளது. மேற்சொன்ன 16 பாடங்களில் 10-ஐ, அதாவது ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் மட்டும் 7-ஐ உள்ளடக்கிய 10 பாடங்களை, 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதோடு, அந்தப் பத்தில் பெற்ற மதிப்பெண்கள் அப்போதே பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே பாடத்தை மறுபடி படித்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முடியாது. எல்லாப் பாடங்களும் கணக்கில் வருவதும் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் என்.சி.ஏ.ஏ. ஒப்புதல் தந்த பாடப் பட்டியல் உண்டு. அதில் இல்லாத இணையவழிப் பாடம் ஒன்றில் முழு மதிப்பெண் பெற்றாலும் பயனில்லை. ஆகையால் 9-ஆம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பந்து கையில் இருக்கும் நேரத்தைவிட இந்த அரை மணி நேரம் பல மாணவர்களின் எதிர்காலத்துக்கு அதிகம் உதவும் என்றே நான் கருதுகிறேன்.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரு மாணவரைப் பார்க்கவும் பேசவும் நாள்காட்டி உண்டு. 10-ஆம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15-ஆம் தேதி முதல்தான் அவர்கள் மாணவருடன் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் பேசலாம். அதற்கு முன் மாணவர் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லையென்றால், அது ஆர்வமின்மையின் அடையாளம் அல்ல. விதி தடுக்கிறது என்பதே காரணமாக இருக்கலாம். கல்லூரியே பயணம், தங்குமிடம், உணவுச் செலவை ஏற்கும் அதிகாரபூர்வ வருகை 11-ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-இலிருந்து தொடங்கும். மொத்த வருகைகளின் எண்ணிக்கைக்கு முன்பு இருந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் நீக்கப்பட்டது.

பயிற்சியாளர்கள் பெருமளவில் ஒரே இடத்தில் கூடி ஆட்டங்களைப் பார்ப்பது கோடையில்தான். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் ஆகிய காலணி நிறுவனங்கள் ஆதரிக்கும் கிளப் அணித் தொடர்கள் ஜூலையில் உச்சத்தை எட்டுகின்றன. தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் அவற்றில் பெயர் பெற்றது. இந்த உலகத்தில் பணம் கைமாறிய விதத்தை 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. வழக்கு ஒன்று அம்பலப்படுத்தியது. நான்கு துணைப் பயிற்சியாளர்கள் கைதாயினர். அதையடுத்து அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான ஆணையம் 2018-இல் அறிக்கை தந்தது. அதன் பின் ஜூன் மாதத்தில் பள்ளி அணிகளின் ஆட்டங்களையும் பயிற்சியாளர்கள் நேரில் பார்க்க வழி திறக்கப்பட்டது. பெரிய கிளப் அணியில் இடம் கிடைக்காத மாணவருக்கு இந்த ஜூன் ஆட்டங்கள் உண்மையான வாய்ப்பு.

“உனக்கு இடம் உண்டு” என்று பயிற்சியாளர் 10-ஆம் வகுப்பு முடித்த மாணவரிடம் சொன்னால், அந்தச் சொல் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. “வருகிறேன்” என்று மாணவர் சொல்வதும் அவரைக் கட்டுப்படுத்தாது. எழுத்துபூர்வமான வாக்குறுதியை 12-ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-க்குப் பிறகே தர முடியும். கையெழுத்திடும் காலம் நவம்பரில் வருகிறது. 1964 முதல் நடைமுறையில் இருந்த தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டு, அதன் இடத்தை உதவித்தொகை ஒப்பந்தமே பிடித்துள்ளது. அதில் மாணவர் கையெழுத்திட்டபின் மற்றக் கல்லூரிகள் அவரைத் தொடர்ந்து அழைக்கக் கூடாது. 2024 ஆகஸ்ட் 1 முதல், சரியாக ஆடவில்லை அல்லது காயமடைந்தார் என்பதற்காக டிவிஷன் 1 கல்லூரி உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது.

உதவித்தொகைக்கு அப்பால் இன்று பணமும் வருகிறது. 2021 ஜூலை 1 முதல் தம் பெயர், உருவம் ஆகியவற்றைப் பயன்படுத்தி வருமானம் ஈட்ட வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. இதைச் சுருக்கமாக என்.ஐ.எல். என்பர். அடுத்து, வீரர்களுக்குப் பணம் தருவதற்கு இருந்த தடைகளை எதிர்த்து என்.சி.ஏ.ஏ. மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்ததால், அதில் பங்கேற்கும் கல்லூரிகள் 2025-26-இல் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அதே கல்லூரிகளில் ஆண்கள் கூடைப்பந்து உதவித்தொகைக்கு இருந்த 13 என்ற வரம்பு போய், அணியில் 15 பேர் என்ற வரம்பு வந்தது. கல்லூரி வீரர்கள் வெளி நிறுவனங்களுடன் செய்யும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே இத்தகைய வருமானம் பெறலாமா என்பதை அந்தந்த மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தீர்மானிக்கிறது. ஒரு மாநிலத்தில் செல்லுவது அடுத்த மாநிலத்தில் பள்ளி அணித் தகுதியையே பறித்துவிடக்கூடும்.

உதவித்தொகை ஒப்பந்தம் வேறு, வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தம் வேறு. பின்னதில் எத்தனை ஆண்டுகள், பயிற்சியாளர் மாறினால் என்ன, இடையில் வேறு கல்லூரிக்குப் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பவற்றை ஒரு வழக்கறிஞர் வாசித்த பிறகே கையெழுத்திட வேண்டும். இந்த வருமானத்துக்கு வரி உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கிடைக்கும் மத்திய அரசின் பெல் உதவியையும் அது குறைக்கலாம்.

பள்ளி மாணவரின் வாய்ப்பை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுருக்கியிருப்பது, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்களைப் பதியும் இணையப் பட்டியலாக 2018 அக்டோபரில் தொடங்கப்பட்ட டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்தான். முன்பு கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் ஒரு முறை காத்திருக்காமல் மாற அனுமதி வந்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாதவரை எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 17 வயது மாணவரை இரண்டாண்டு பழக்கி எடுப்பதைவிட, கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே தேறிய 22 வயது வீரரை அழைத்துக்கொள்வது பயிற்சியாளருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இதனால் முன்பு டிவிஷன் 1-இன் நடுத்தரக் கல்லூரிகள் விரும்பி எடுத்த மாணவர்கள் இன்று டிவிஷன் 2-இலும் ஜூனியர் கல்லூரிகளிலும் தொடங்குகிறார்கள். ஆடக் கிடைக்கும் இடத்தில் தொடங்கி மேலேறுவதே, பெரிய பெயருள்ள அணியில் பெஞ்சில் அமர்வதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதே போர்ட்டல் கீழிருந்து மேலே வருபவருக்கும் கதவு திறக்கிறது. ஆனால் போர்ட்டலில் பெயரைக் கொடுத்துவிட்டால் இருக்கும் கல்லூரி அந்தப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தலாம். புதிய இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும் என்பதால், கல்லூரிப் படிப்பின் நடுவில் பலர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேர்கிறது. அதிலும் வேலைக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. கல்லூரி தரும் விளையாட்டு உதவித்தொகை சம்பளம் அல்ல. அதைப் பெறத் தடையில்லை. என்.ஐ.எல். பணமோ வருவாய்ப் பங்கோ அப்படியல்ல. ஒரு விளம்பரப் பதிவுக்கு வாங்கும் சிறு தொகைகூட விசா நிலையைப் பாதிக்கக்கூடும் என்பதால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் ஏற்கக் கூடாது.

12-ஆம் வகுப்பின் ஏப்ரல் 1 முதல் மாணவர் தகுதி மையக் கணக்கில் நுழைந்து அமெச்சூர் நிலைக்கான, அதாவது தொழில்முறை வீரர் அல்ல என்பதற்கான, இறுதிச் சான்றைக் கோர வேண்டும். பட்டம் பெற்ற தேதியுடன் கூடிய இறுதி மதிப்பெண் பட்டியலைப் பள்ளியே அந்த மையத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். பதிவுக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. அதைப் பள்ளி ஆலோசகர் வழியே கேட்டுப் பெறலாம்.